பாலை நிலத்து மாட்டுப் பண்ணைகள்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளையும் தந்த மொழி தமிழ். ஆநிரையைக் கவர்தலும் மீட்டலும் போரின் தொடக்கம் எனக் கருதி, அவற்றிற்கு வெட்சி, கரந்தை எனப் பூப்பெயர் சூட்டிய இலக்கண மரபும் தமிழுக்கு உண்டு. மாடு எங்கே செல்வமாகின்றதோ, அங்கே அது மேயும் நிலம் யாருடையது என்னும் வினாவும் உடன் எழுகின்றது. இவ்வுண்மையை அண்மைக்கால உலக வரலாற்றில் தெளிவுறக் காட்டும் நாடு ஆஸ்திரேலியா.

அந்நாட்டின் உட்பகுதியில் பரந்து கிடக்கும் வறண்ட பெருவெளியை அங்குள்ளோர் 'அவுட்பேக்' என்பர். அவ்வெளியில் அமைந்த மாட்டுப் பண்ணை 'ஸ்டேஷன்' எனப்படும். இன்று அத்தகைய பண்ணைகளுள் சில விருந்தினரை ஏற்கின்றன. நகரத்தார் அங்குச் சென்று சில நாள் தங்குகின்றனர். மந்தை திரட்டப்படுவதையும், செம்மண் புழுதியினூடே ஞாயிறு மறைவதையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அவர்கள் காண்பது உண்மையே. ஆயினும் அது பாதி உண்மை. அப்பண்ணைகளை உழைப்பால் உருவாக்கியவர் யார், அவர் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பவற்றை அறிந்தால்தான் மறுபாதி விளங்கும்.

நிலமும் நீரும்

ஆஸ்திரேலியாவின் பரப்பு ஏறத்தாழ 77 இலட்சம் சதுரக் கிலோமீட்டர். அதில் பத்தில் ஏழு பங்கு வறண்ட நிலமாகவோ அரைவறண்ட நிலமாகவோ இருக்கின்றது. ஆறு என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டவற்றுள் பல, ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணற்படுகைகளே. மழை பெய்தால் ஒரு கிழமையில் புல் முளைக்கும். பெய்யாவிடின் மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பொய்க்கும். இத்தகைய நிலத்தில் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு மாடுகளே மேய முடியும். ஆகவே பண்ணை நிலைக்க வேண்டுமாயின் அது பெரிதாக இருத்தல் வேண்டும்.

எவ்வளவு பெரிது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தென் ஆஸ்திரேலியாவிலுள்ள அன்னா கிரீக் பண்ணை உலகிலேயே பெரிய மாட்டுப் பண்ணை எனப்படுவது. அதன் பரப்பு பதினையாயிரம் சதுரக் கிலோமீட்டருக்கும் மேல். சிங்கப்பூரைப் போல் இருபது தீவுகளை அதனுள் அடக்கலாம். சிலாங்கூர் மாநிலத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு எனினும் பொருந்தும். அவ்வளவு நிலத்திலும் வாழும் மனிதர் மிகச் சிலரே.

இந்நிலங்கள் பண்ணையாளருக்கு விற்கப்பட்டவை அல்ல. அரசிடமிருந்து மேய்ச்சலுக்காக நெடுங்காலக் குத்தகைக்குப் பெறப்பட்டவை. பல குத்தகை ஆவணங்களில், அந்நிலத்துப் பழங்குடி மக்கள் தம் வழக்கப்படி நடமாடவும், வேட்டையாடவும், நீர் கொள்ளவும் உரிமை உண்டு என்னும் விதியும் எழுதப்பட்டிருந்தது. ஆவணத்தில் இருந்த இவ்வுரிமை நடைமுறையில் பெரும்பாலும் மதிக்கப்படவில்லை. ஆயினும், குத்தகை வேறு, உடைமை வேறு என்னும் இந்நுட்பம் நூறாண்டு கழித்து நீதிமன்றத்தில் பெரும்பொருள் பெற்றது. அதனைப் பின்னர்க் காணலாம்.

மழை பொய்த்தாலும் மாடு பிழைக்கக் காரணம் நிலத்தடி நீர். கிழக்குப் பகுதியில் 17 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் அளவுக்கு மண்ணின் கீழ்ப் பரந்துள்ள பேராழ் ஊற்றுப்படுகை, நாட்டின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலத்தைத் தாங்கி நிற்கின்றது. 1878ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்சில் முதல் ஆழ்குழாய் தோண்டப்பட்டபோது, நீர் தன் அழுத்தத்தாலேயே மேலெழுந்து வந்தது. சில இடங்களில் அது கொதிநீராகவே வெளிப்படும். வாய்க்காலில் ஓடி ஆறிய பின்னரே மாடு குடிக்கும். அதன்பின் குழாய்க்கிணறும் காற்றாலையும் தண்ணீர்த் தொட்டியும் பண்ணையின் அடையாளங்களாயின. ஆனால், பல பத்தாண்டுகள் நீர் தடையின்றி வீணே ஓடியதால் அழுத்தம் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் திறந்து கிடந்த குழாய்களை மூடும் பணி முனைப்புடன் மேற்கொள்ளப்பட்டது.

தந்திக் கம்பியும் மந்தை வழியும்

1862ஆம் ஆண்டில் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்பார் தெற்கிலிருந்து புறப்பட்டு, நாட்டின் நடுப்பகுதியைக் கடந்து வடகடலை அடைந்தார். பத்தாண்டுக்குப் பின் அவர் நடந்த வழியையொட்டித் தந்திக் கம்பி நடப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து சாவகம் வரை வந்திருந்த தந்தி, 1871ஆம் ஆண்டில் கடலடிக் கம்பியாக டார்வினை அடைந்தது. சார்லஸ் டாட் என்பாரின் மேற்பார்வையில், டார்வினிலிருந்து போர்ட் அகஸ்டா வரை ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைந்த தரைவழிக் கம்பி 1872ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இணைக்கப்பட்டது. தந்தி நிலையங்கள் நீர்நிலைகளின் அருகே அமைந்தன. அவற்றைப் பின்பற்றி மாடுகளும் மனிதரும் வந்தனர்.

மாடுகளை அங்குக் கொண்டு சேர்த்தவர் மந்தையோட்டிகள். இரயில் இல்லை, பாதையும் இல்லை. கால்நடையாகவே மந்தைகள் ஆயிரக்கணக்கான மைல் சென்றன. குதிரையில் அமர்ந்த சிலர், மாடு மேய்ந்துகொண்டே நடக்குமாறு ஒரு நாளைக்குப் பத்து மைல் அளவில் அதனைச் செலுத்துவர். இரவில் முறைவைத்துக் காவல் புரிவர். மாடு மருளாதிருக்கத் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டே சுற்றி வருவர். ஓர் இடி, ஒரு கிளை முறியும் ஓசை போதும். ஆயிரம் மாடுகள் ஒருசேர எழுந்து இருளில் ஓடும். முன்னே அகப்பட்டவர் பிழைப்பது அரிது.

டியூராக் குடும்பத்தார் 1883ஆம் ஆண்டில் குயின்ஸ்லாந்தின் மேற்கிலிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளுடன் புறப்பட்டனர். ஏறத்தாழ 3,000 மைல் கடந்து, 1885ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியில் ஆர்ட் ஆற்றை அடைந்தபோது, மாடுகளுள் ஏறக்குறையப் பாதி மாண்டிருந்தன. நாட் புக்கானன் என்னும் மற்றொருவர் 1883ஆம் ஆண்டில் வட ஆட்சிப்பகுதியில் விக்டோரியா ஆற்றங்கரையருகே வேவ் ஹில் பண்ணையை நிறுவினார். இவ்வரலாற்றில் இப்பெயர் மீண்டும் வரும்.

வறட்சியை அறிவால் வென்றவர் சிட்னி கிட்மன். 1857ஆம் ஆண்டில் பிறந்த அவர், பதின்மூன்றாம் வயதில் சில வெள்ளிக் காசுகளுடன் வீட்டை விட்டுப் புறப்பட்டவர். தனித்தனிப் பண்ணையை வாங்காமல், நீர் வரும் வழியெல்லாம் ஒன்றையொன்று தொடும்படி பண்ணைகளை வாங்கி, சங்கிலிபோல் கோத்தார். ஒரு பகுதி வறண்டால் மந்தை அடுத்த பகுதிக்கு நடக்கும். நடந்துகொண்டே சந்தையையும் அடையும். 1935ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது 'மாட்டரசர்' என்றே உலகம் அவரை அழைத்தது.

ஆயினும், மந்தை வழிகள் எல்லாம் வீரத்தால் மட்டும் திறந்தவை அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனங்களை ஊடறுத்து ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் செல்லும் கேனிங் மந்தைவழியை ஆல்பிரட் கேனிங் என்பார் 1906, 1907ஆம் ஆண்டுகளில் அளந்தார். நீர் இருக்கும் இடம் பழங்குடி மக்களுக்கே தெரியும். எனவே அவர்களைப் பிடித்துச் சங்கிலியால் பிணைத்து, நீர்நிலைகளைக் காட்டுமாறு செய்தார். அப்பயணத்தில் சமையற்காரராய்ச் சென்ற ஒருவர் இக்கொடுமையை எடுத்துரைத்தார். 1908ஆம் ஆண்டில் அரச விசாரணைக் குழு அமைந்தது. முடிவில் கேனிங் குற்றமற்றவர் எனப்பட்டார், கிணறுகள் வெட்டப்பட்டன, மந்தைகள் நடந்தன. தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட ஊற்றுகள் பல மாட்டுக்கு உரியனவாயின.

பண்ணையின் ஒரு நாள்

பண்ணையின் நடுவே உரிமையாளரோ மேலாளரோ வாழும் வீடு இருக்கும். அதனைச் சுற்றிச் சமையற்கூடம், பட்டறை, சேணக்கொட்டகை, பணியாளர் குடில்கள், இறங்குதளம் ஆகியன அமையும். வட பகுதியில் மழைக்காலத்தில் பாதைகள் மூழ்கிவிடுவதால், மே முதல் அக்டோபர் வரையுள்ள வறண்ட காலமே வேலைக்காலம்.

அக்காலத்தில் மேய்ப்பர் குழு ஒன்று வீட்டை விட்டுப் புறப்பட்டால், திரும்பப் பல கிழமைகள் ஆகும். சுருட்டிக் கட்டிய கித்தான் படுக்கை, தகரக் குவளையில் கருந்தேநீர், மாவும் நீரும் பிசைந்து சாம்பலில் சுட்ட ரொட்டி, உப்பிட்ட மாட்டிறைச்சி: இவையே அவர்தம் உடைமையும் உணவும். விடியுமுன் தளையிட்டு விட்ட குதிரைகளைத் தேடிப் பிடிப்பர். பின், பத்துப் பதினைந்து மைல் சுற்றளவில் சிதறிக் கிடக்கும் மாடுகளை நாற்புறமும் வளைத்துத் திரட்டிப் பட்டியில் அடைப்பர். தாயையும் கன்றையும் பிரிப்பர்; கன்றுக்குச் சூட்டுக்குறி இடுவர்; காதில் அடையாளம் வெட்டுவர்; காளைக்கன்றுகளைக் காயடிப்பர். விற்பனைக்கு உரியவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மீண்டும் வெளியே விடுவர்.

மந்தையின் தோற்றமும் காலப்போக்கில் மாறியது. முதலில் வந்தவை பிரித்தானிய இன மாடுகள். வடபுலத்தின் வெப்பத்தையும் உண்ணிகளையும் அவை தாங்கவில்லை. 1933ஆம் ஆண்டில் திமில் கொண்ட 'பிராமன்' இன மாடுகள் அமெரிக்காவிலிருந்து குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டன. அவ்வினமோ இந்திய மாடுகளின் வழிவந்தது. அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தின் பெயரால் அழைக்கப்பட்ட மாட்டினமும் அதன் மூதாதையருள் ஒன்று. தளர்ந்த தோலும் வியர்த்து ஆறும் உடலும் உடைய அம்மாடுகள் வெப்ப நிலத்துக்கு ஏற்றவை. இன்று வட ஆஸ்திரேலிய மந்தைகளுள் பெரும்பாலானவை அவ்வினத்தையோ அதன் கலப்பையோ சார்ந்தவை. டார்வின் துறைமுகத்திலிருந்து அவை உயிருடன் கப்பலேறி இந்தோனீசியா முதலிய நாடுகளை அடைகின்றன.

தொலைவை வென்ற முயற்சிகள்

பண்ணை வாழ்வின் பெரும்பகை தொலைவு. காய்ச்சல் வந்தாலும், பேறுகாலம் வந்தாலும், குதிரையிலிருந்து வீழ்ந்து எலும்பு முறிந்தாலும் மருத்துவரை அடைய நாட்கணக்காகும். இதனைக் கண்டு வருந்திய ஜான் ஃபிளின் என்னும் சமயத் தொண்டர், வானூர்தியால் மருத்துவரை அனுப்பும் திட்டத்தை வகுத்தார். 1928ஆம் ஆண்டு மே திங்களில், குயின்ஸ்லாந்தின் குளோன்கரி என்னும் ஊரில் பறக்கும் மருத்துவர் பணி தொடங்கியது. ஆல்பிரட் டிரேகர் என்பார் காலால் மிதித்து மின்னாற்றல் பெறும் வானொலிக் கருவியை உருவாக்க, 1929ஆம் ஆண்டிலிருந்து பண்ணைகள் தம் குறையை உடனே தெரிவிக்க முடிந்தது. 1942ஆம் ஆண்டில் பண்ணைதோறும் மருந்துப் பெட்டி வைக்கும் முறை வந்தது. அதிலுள்ள மருந்துகளுக்கு எண் இடப்பட்டிருந்தது. மருத்துவர் எண்ணைச் சொல்வார். பண்ணையிலுள்ளோர் அம்மருந்தை எடுத்துக் கொடுப்பர்.

ஆசிரியர்கள் அறிந்து மகிழத்தக்கது வானொலிப் பள்ளியின் வரலாறு. அடிலெய்ட் மீத்கி என்னும் கல்வியாளர், மருத்துவத்துக்குப் பயன்படும் வானொலி கல்விக்கும் பயன்படலாகாதா எனச் சிந்தித்தார். அதன் பயனாக 1951ஆம் ஆண்டில் ஆலிஸ் ஸ்பிரிங்சில் வானொலிப் பள்ளி தோன்றியது. ஆசிரியர் ஓர் அறையில் ஒலிவாங்கியின் முன் அமர்வார். நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், தனித்தனிப் பண்ணைகளில் மாணவர் அமர்வர். ஒருவர் முகத்தை ஒருவர் அறியார், குரலே வகுப்பறை. இருபத்தோராம் நூற்றாண்டில் செயற்கைக்கோள் வழியே முகமும் காணும் நிலை வந்துள்ளது.

இவையெல்லாம் போற்றத்தக்க சாதனைகளே. ஆயினும், அதே பண்ணைகளில், மேலாளர் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் குடிசைகளில் வாழ்ந்த பழங்குடிக் குழந்தைகளுக்கு நெடுங்காலம் பள்ளி என்பதே எட்டாக்கனியாக இருந்தது. இம்முரண்பாட்டை மறைத்துவிட்டுப் பண்ணை வரலாற்றை எழுதுதல் நேர்மை ஆகாது.

கணக்கில் வராத உழைப்பு

மாடு வந்த நிலம் வெற்று நிலம் அன்று. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழங்குடி மக்கள் வாழ்ந்துவந்த நிலம் அது. மாடுகள் நீர்நிலைகளை மிதித்துச் சேறாக்கின; மக்கள் உண்டுவந்த கிழங்கும் விதையும் அழிந்தன; வேட்டை விலங்குகள் அகன்றன. பசித்தவர் மாட்டைக் கொன்றால் துப்பாக்கி விடை கூறியது. பறக்கும் மருத்துவர் பணி தொடங்கிய அதே 1928ஆம் ஆண்டில், நடு ஆஸ்திரேலியாவின் கோனிஸ்டன் பண்ணையருகே வெள்ளையர் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்கக் காவலர் தலைமையில் சென்ற குழு, பழங்குடியினர் 31 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கே ஒப்புக்கொண்டது. உண்மைத் தொகை அதனினும் மிகப் பெரிது என்பர் அம்மக்கள். விசாரணைக்குழு கொன்றவரைக் குற்றமற்றவர் என்றது.

நிலம் இழந்த மக்களுக்கு இரண்டே வழிகள் இருந்தன: ஒன்று பாலையின் உட்புறம் ஒதுங்குதல், மற்றொன்று பண்ணையில் வேலை செய்தல். பின்னதைத் தேர்ந்தோர் பலர். அதற்கு உணவு மட்டுமே காரணம் அன்று. பண்ணையில் இருந்தால் முன்னோர் நிலத்தில் இருக்கலாம். மழைக்காலத்தில் வேலை நின்றதும் சடங்குகளைச் செய்யலாம். பிள்ளைகளுக்கு நிலத்தின் கதைகளைக் கற்பிக்கலாம். இவ்வாறு அவர்கள் மண்ணை விட்டுப் பிரியாமல் இருக்கவே மாட்டுப் பணியை ஏற்றனர் எனலாம்.

அவர்கள் சிறந்த குதிரை வீரரும் மேய்ப்பரும் ஆயினர். எந்த ஓடையில் எப்போது நீர் இருக்கும், தொலைந்த மாடு எத்திசையில் சென்றது என்பவற்றை அவர்களே அறிவர். பெண்டிரும் மந்தை ஓட்டினர். வீட்டிலே சமைத்தனர், துவைத்தனர், வெள்ளையர் குழந்தைகளை வளர்த்தனர். பெற்ற ஊதியமோ பெரும்பாலும் மாவு, தேயிலை, சர்க்கரை, புகையிலை, மாட்டின் கழிவு இறைச்சி ஆகியனவே. உறவினரை உணவூட்டிக் காக்கும் பண்ணையாளர் கூலி கொடுக்க வேண்டுவதில்லை என்று வட ஆட்சிப்பகுதிச் சட்டமே விலக்களித்தது. வெள்ளைத் தந்தைக்கும் பழங்குடித் தாய்க்கும் பிறந்த குழந்தைகள் பலர், தாயின் கையிலிருந்து பறிக்கப்பட்டு விடுதிகளில் அடைக்கப்பட்டனர். இக்கொடுமைக்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2008ஆம் ஆண்டில்தான் மன்னிப்புக் கோரியது.

வேவ் ஹில் பண்ணையை 1914ஆம் ஆண்டில் வெஸ்டி என்னும் பிரித்தானிய இறைச்சி வணிகக் குடும்பத்தின் நிறுவனம் பெற்றது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், தன் பண்ணைகளில் பழங்குடித் தொழிலாளர் ஏன் குறைகின்றனர் என்று அறிய அந்நிறுவனமே மானிடவியலாளர் ரொனால்ட் பெர்ன்ட், கேத்தரின் பெர்ன்ட் ஆகிய இணையரை அமர்த்தியது. குனிந்து நுழையும் தகரக் குடிசைகளையும், போதாத உணவையும், குழந்தைகளின் இறப்பையும் கண்டு அவர்கள் எழுதிய அறிக்கை நெடுங்காலம் வெளிவரவில்லை. 1987ஆம் ஆண்டில்தான் நூலாயிற்று.

வேவ் ஹில் வேலைநிறுத்தம்

வேவ் ஹில் நிலத்துக்கு உரிய மக்கள் குரிஞ்சி என்னும் இனத்தார். தமிழில் குறிஞ்சித் திணையை நினைவூட்டும் பெயர் இது. ஆயினும் ஒலியொப்புமை அன்றி இரண்டுக்கும் வேறு தொடர்பு இல்லை.

1965ஆம் ஆண்டில் வட ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம், பழங்குடி மேய்ப்பருக்கும் சம ஊதியம் வேண்டும் என்று நடுவர் ஆணையத்தில் முறையிட்டது. 1966ஆம் ஆண்டு மார்ச்சில் ஆணையம் அக்கோரிக்கையை ஏற்றது; எனினும் பண்ணையாளர் தம்மைச் சரிசெய்து கொள்ளவேண்டும் எனக் கூறி, 1968ஆம் ஆண்டு டிசம்பர் வரை அதனைத் தள்ளிவைத்தது. நீதி உண்டு, ஆனால் நாளை என்பதே தீர்ப்பின் பொருள். அவ்வாண்டு மே திங்களில் நியூகாசில் வாட்டர்ஸ் பண்ணையில் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஆகஸ்டு 23ஆம் நாள், வின்சென்ட் லிங்கியாரி என்னும் மேய்ப்பரின் தலைமையில், வேவ் ஹில் பண்ணையின் மேய்ப்பரும் வீட்டுப் பணிப்பெண்டிரும் குழந்தைகளுமாக ஏறத்தாழ இருநூறு பேர் பண்ணையை விட்டு நடந்து வெளியேறினர்.

முதலில் அவர்கள் ஆற்றுப்படுகையில் தங்கினர். கூலியை உயர்த்தித் தருவதாகச் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை. சில திங்களுக்குப் பின், தம் புனித இடங்களுக்கு அண்மையிலுள்ள வாட்டி ஓடைக்குச் சென்று குடியமர்ந்தனர். அவ்விடத்தை அவர்கள் டகுராகு என்பர். அப்போதுதான் உலகம் அவர்கள் கருத்தை முழுமையாக உணர்ந்தது. அவர்கள் கேட்டது கூலி மட்டும் அன்று, நிலத்தையே கேட்டனர். 1967ஆம் ஆண்டில் தலைமை ஆளுநர் கேசி பிரபுவுக்கு விண்ணப்பம் அனுப்பி, 500 சதுர மைல் நிலத்தைத் தமக்குத் திருப்பித் தருமாறு வேண்டினர். அவ்வாண்டிலேயே விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

மறுக்கப்பட்டும் அவர்கள் நகரவில்லை. தொழிற்சங்கத்தாரும் மாணவரும் பொருளுதவி செய்தனர். ஃபிராங்க் ஹார்டி என்னும் எழுத்தாளர் அவர்களுடன் தங்கி, அவர்தம் போராட்டத்தை 1968ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். எழுத்தாளன் ஒருவன் எளியோர் குரலை நாட்டுக்குக் கேட்கச் செய்த நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. 1967ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில், பழங்குடியினர் குறித்து நடுவண் அரசு சட்டம் இயற்றலாம் என்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இசைந்தனர்.

சம ஊதியம் நடைமுறைக்கு வந்தபோது எதிர்பாரா விளைவொன்றும் நேர்ந்தது. பண்ணையாளர் பலர், இனிக் குடும்பங்களைப் பேண இயலாது எனக்கூறி, பழங்குடி மக்களை வெளியேற்றினர். வேலியும் விசையுந்தும் ஹெலிகாப்டரும் மேய்ப்பரின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. உரிமை கிடைத்த வேளையில் வேலையும், வேலையோடு நிலத்தில் வாழும் வாய்ப்பும் பலர்க்குப் பறிபோயின. நிலவுரிமை இன்றிக் கூலியுரிமை மட்டும் நிலையாது எனக் குரிஞ்சி மக்கள் கண்டது எத்துணைத் தொலைநோக்குடையது என்பது இதனால் புலனாகும்.

ஒரு பிடி மண்

1972ஆம் ஆண்டு இறுதியில் கோஃப் விட்லம் தலைமையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், பிரதமர் விட்லம் டகுராகுவுக்கு நேரில் வந்தார். ஏறத்தாழ 3,200 சதுரக் கிலோமீட்டர் நிலத்துக்குரிய குத்தகை ஆவணத்தை லிங்கியாரியிடம் அளித்தார். பின் குனிந்து, ஒரு பிடி செம்மண்ணை அள்ளி அவர் உள்ளங்கையில் சொரிந்தார். பழங்குடி இனத்தவரான மெர்வின் பிஷப் என்னும் ஒளிப்படக் கலைஞர் அக்காட்சியைப் படம் பிடித்தார். நிழலில் நிகழ்ந்த அதனை, வெளிச்சத்தில் மீண்டும் ஒருமுறை செய்யுமாறு அவர் வேண்டிக்கொண்டதால் கிடைத்ததே, நீல வானத்தின்கீழ் இருவரும் நிற்கும் அப்புகழ்பெற்ற படம்.

வெளியேறிய நாளிலிருந்து அந்நாள் வரை ஒன்பது ஆண்டுகள். அத்துணைக் காலமும் அவர்கள் ஒருவரையும் அடிக்கவில்லை. ஒரு கட்டடத்தையும் எரிக்கவில்லை. தம் நிலத்தில் அமர்ந்திருந்தனர், அவ்வளவே. 1976ஆம் ஆண்டில் வட ஆட்சிப்பகுதிக்கான பழங்குடியினர் நிலவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1986ஆம் ஆண்டில் டகுராகு நிலம் குத்தகையிலிருந்து மாறி, பிறர்க்கு விற்கவொண்ணா முழு உடைமையாக அம்மக்களுக்கு உரியதாயிற்று. ஈராண்டு கழித்து, 1988ஆம் ஆண்டு சனவரியில், லிங்கியாரி மறைந்தார்.

அதன்பின் சட்ட உலகில் பெருமாற்றங்கள் நேர்ந்தன. ஆஸ்திரேலியா ஒருவருக்கும் உரிமையற்ற நிலமாக இருந்தது என்னும் கொள்கையை, 1992ஆம் ஆண்டில் மாபோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தகர்த்தது. மேய்ச்சல் குத்தகை கொடுத்ததாலேயே பழங்குடியினர் உரிமை முற்றும் அழிந்துவிடாது; இரண்டும் உடனிருக்கலாம் என்று 1996ஆம் ஆண்டில் விக் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குத்தகை வேறு, உடைமை வேறு என முன்னர்க் குறித்த நுட்பம் இங்கே பயன்பட்டது. 2020ஆம் ஆண்டில், வேவ் ஹில் பண்ணைக் குத்தகை நிலத்திலும் அதற்குரிய மக்களின் பாரம்பரிய உரிமை நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது.

இன்றைய பண்ணை

இன்றைய பண்ணைக்குச் செல்லும் விருந்தினர் காண்பவை பல. ஹெலிகாப்டர் தாழப் பறந்து மந்தையைத் திருப்புகின்றது. விசையுந்துகள் இருமருங்கும் விரைகின்றன. மூன்று நான்கு இழுவைகள் பூட்டி, ஐம்பது மீட்டருக்கும் மேல் நீண்ட சரக்குந்துகள் மாடுகளை ஏற்றிச் செல்கின்றன. மந்தையோட்டி இரண்டு திங்களில் கடந்த தொலைவு இரண்டு நாளில் கடக்கப்படுகின்றது. ஆயினும் மழைக்காக வானத்தை நோக்கும் நிலை மட்டும் மாறவில்லை.

மாறியவற்றுள் மொழியும் ஒன்று. ஆங்கிலம் பேசிய மேலாளருக்கும் பல இனத்து மேய்ப்பருக்கும் இடையே பண்ணைகளில் கலப்பு மொழி பரவியது. குரிஞ்சி மக்களின் இளந்தலைமுறை அதனைத் தம் தாய்மொழியோடு பிணைத்து, 1970களிலும் 1980களிலும் 'குரிஞ்சி கிரியோல்' என்னும் புதுமொழியை உருவாக்கியது. அதில் வினையமைப்புப் பெரும்பாலும் கிரியோலுக்கு உரியது; பெயரைச் சார்ந்த வேற்றுமை உருபுகளோ பழைய குரிஞ்சி மொழிக்கு உரியவை. சொல் கலந்தும், இலக்கணத்தின் ஒரு பாதியை அம்மக்கள் விடாது காத்துள்ளனர். தம் நிலத்தைக் காத்ததைப் போன்றதே இதுவும். முதியோரின் பழமொழியை முழுமையாகப் பேசுவோர் இன்று மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது. பிறமொழிச் சூழலில் தாய்மொழி கற்பிக்கும் ஆசிரியர்க்கு இச்செய்தி புதிதன்று.

மாட்டரசர்களின் துணிவும், பறக்கும் மருத்துவரின் தொண்டும், வானொலிப் பள்ளியின் அறிவும் மெய்யே. அவற்றோடு, பெயர் எழுதப்படாத மேய்ப்பரின் உழைப்பும் மெய்யே. முன்னவற்றை மட்டும் கூறும் வரலாறு புகழுரை ஆகும். பின்னதை மட்டும் கூறுவது பழியுரை ஆகும். இரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்வதே மாணவர் பயிலத்தக்க வரலாறு. வேவ் ஹில் மக்கள் நடந்து சென்ற வழி 2007ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அரசரும் படையும் சென்ற பெருவழிகளைப் போற்றிவந்த உலகில், கூலி மறுக்கப்பட்ட தொழிலாளர் குழந்தைகளோடு நடந்த ஒரு புழுதிப் பாதையை ஒரு நாடே தன் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டுள்ளது.